நன்கொடை வேண்டுகோள்: தாமஸ் ரைட் வரலாற்று நூலுக்கு இன்னும் ரூ.73,500 தேவை

இறையருள் முன்னிற்க.

படிப்பக அன்பர்களுக்கும் வெளியூரில் வாழும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் நூல் வெளியீட்டுக் குழுவின் வணக்கம்.

நம் படிப்பகத்தின் மூத்தவரான வரலாற்று ஆசிரியர் ஐயா பதினோரு நோட்டுகளில் கைப்பட எழுதிய, பழைய நூல்களைத் தேடிப் பதிப்பித்த ஆங்கிலேயர் தாமஸ் ரைட்டின் வரலாறு அச்சுக்குத் தயாராக இருக்கிறது. அச்சகத்தார் தந்த விலைப்புள்ளி நவம்பர் 15 வரைதான் செல்லும். அதற்குப் பிறகு தாள் விலை எவ்வளவு ஏறும் என்று அவர்களாலேயே சொல்ல முடியவில்லை. ரைட்டின் நினைவு நாளான டிசம்பர் 23 அன்று ஐயா கையாலேயே நூலை வெளியிட வேண்டும். அவருக்கு வயது 82.

யாரோ ஒரு வெள்ளைக்காரரைப் பற்றி நாம் எதற்குப் புத்தகம் போட வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். ஐயா சொன்னதையே பதிலாகத் தருகிறோம். 1810இல் இங்கிலாந்தின் டென்பரியில் பிறந்த ரைட், லட்லோ பள்ளியிலும் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியிலும் படித்துவிட்டு, லண்டனில் பேனாவை நம்பியே பிழைத்தவர். எழுதியும் பதிப்பித்தும் அவர் தந்த நூல்கள் நூறுக்கு மேல். கையெழுத்துப் படிகளில் முடங்கிக் கிடந்த பழைய அரசியல் பாடல்களை 1839இல் அச்சேற்றினார். ‘பியர்ஸ் பிளவ்மன்’ என்ற இடைக்காலக் கவிதையையும் அக்காலத்து ஆங்கிலக் கவிஞர் சாசரின் கதைகளையும் பதிப்பித்தார். வழக்கொழிந்த சொற்களுக்கும் வட்டாரச் சொற்களுக்கும் 1857இல் அகராதி தந்தார். அவசரத்தில் பிழைகளும் விட்டார். அதையும் ஐயா மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வந்தது? பழைய நூல்களை அச்சிட 1838இல் நண்பர்களோடு தொடங்கிய கேம்டன் சங்கத்தில் ஆண்டுச் சந்தா ஒரு பவுண்டு. அந்தச் சந்தாக்களில்தான் நூல்கள் வெளிவந்தன. 1859இல் இங்கிலாந்தின் ராக்ஸிட்டரில் ரோமானிய நகரம் ஒன்றை அவர் தோண்டியபோதும் செலவுக்குக் கைகொடுத்தது பொதுமக்கள் சந்தாதான். தரைக்கு அடியில் சூடான காற்றை ஓடவிட்ட அறைகளும், அந்தத் தரையடி இடைவெளியில் ஒளிந்தபடியே செத்துப்போனவர்கள் என்று அவர் கருதியவர்களின் எலும்புகளும் வெளிப்பட்டன. நம் உ.வே.சா.வும் நூலுக்குப் பணம் தருவதாகக் கையொப்பமிட்டவர்களை நம்பித்தானே 1887இல் சிந்தாமணியை அச்சிட்டார்!

கணக்கு இதுதான். தட்டச்சும் பக்க வடிவமைப்பும் ரூ.24,000. தாள், அச்சு, பைண்டிங் 500 படிகளுக்கு ரூ.1,30,000. அட்டையும் படங்களும் ரூ.18,000. நூலகங்களுக்கு அனுப்பும் அஞ்சல் செலவு ரூ.14,000. மொத்தம் ரூ.1,86,000. இதுவரை வந்தது ரூ.1,12,500. மெய்ப்புப் பார்த்தவர்கள் ஒரு பைசா வாங்கவில்லை.

கொடுத்தவர்களை எப்படி மறப்போம்? தன் ஓய்வூதியத்தில் முதல் மாதத்தை அப்படியே கொண்டுவந்து வைத்த தபால்காரர், கல்லாப் பக்கத்தில் உண்டியல் வைத்து ஆறு மாதம் சில்லறை சேர்த்த டீக்கடை அண்ணன், மகள் கல்யாணச் செலவுக்கு நடுவிலும் பத்தாயிரம் தந்த அரிசி ஆலைக்காரர், குவைத்திலிருந்து மாதம் தவறாமல் அனுப்பும் மூன்று தம்பிகள், பீடி சுற்றிய கூலியிலிருந்து ஐம்பது ரூபாய் தந்துவிட்டு ரசீதுகூட வேண்டாம் என்ற ஆச்சி. ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆயுத பூசையன்று நோட்டுகளைச் சரஸ்வதி படத்தின் முன் அடுக்கியபோது முதல் பூவைப் போட்டவரும் அவர்தான். இவர்கள் எல்லோருடைய பெயரும் நூலின் கடைசிப் பக்கத்தில் வரும்.

மனம் நோகாமல் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். சென்ற தை மாதக் கூட்டத்தில் கை உயர்த்தியவர்கள் 41 பேர். அதில் 17 பேர் இன்னும் தரவில்லை. கோயில் கொடைக்கு வரி கேட்டால் தலைக்கட்டு ஒன்றுகூட விட்டுப்போகாத ஊர் இது. நம் வீட்டுப் பிள்ளைகளில் பாதிப் பேர் ஐயாவிடம் படித்தவர்கள். நோட்டுகளைத் திருப்பிக் கொண்டுபோய் அவர் கையில் கொடுக்கும் நிலை எங்களுக்கு வர வேண்டாம்.

ரூ.500க்கு மேல் தருவோருக்கு ஒரு படி வீடு வந்து சேரும். நவம்பர் 12க்குள், மாலை 5 முதல் 8 வரை படிப்பகத்தில் பணம் கட்டலாம். முத்திரையிட்ட ரசீது இல்லாமல் குழுவினர் யாரிடமும் பணம் கொடுக்க வேண்டாம்.

நூல் வெளியீட்டுக் குழு