அச்சிட்ட வம்சாவளி எல்லாம் சான்றாகாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நம் பிள்ளைகள் ஆஸ்திரேலியாவில் பெர்த், மெல்பர்ன், அடிலெய்ட் என்று குடியேறி, அங்கேயே பெண் எடுத்துக் கொடுத்து ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிறது. பேரப்பிள்ளைகளைப் பள்ளியில் குடும்ப மரம் எழுதி வரச் சொல்கிறார்கள். நம் பக்கத்துக்குச் சுங்கை பட்டாணித் தோட்டத்துத் தாத்தா வரைக்கும் நாலு பெயர் தேறுகிறது. வெள்ளைக்காரச் சம்பந்தி பக்கத்துக்கோ இணையத்தில் யாரோ போட்டுவைத்த மரத்தை அப்படியே இறக்கி, 'முதல் கப்பலில் வந்த குடும்பம்' என்று கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவிடுகிறார்கள். தமிழ் ஏடுகளின் ஞாயிறு மலர்களிலும் இப்படிப்பட்ட பட்டியல்கள் அச்சேறுகின்றன. ஒரே வரியை இருநூறு பேர் படியெடுத்து வைத்திருந்தாலும் அது இருநூறு சான்று ஆகாது. மூல ஆவணம் இல்லையென்றால் ஒன்றுகூட ஆகாது.

இதற்கு உதாரணம் தேடி பினாங்குக்காரர்கள் கடல் தாண்ட வேண்டியதில்லை. இங்கே ஆங்கிலேயக் குடியேற்றத்தை நிறுவிய பிரான்சிஸ் லைட்டுக்குக் கார்ன்வாலிஸ் கோட்டையில் நிற்கும் சிலை 1936-இல் வைக்கப்பட்டது. அவருடைய உருவப்படம் கிடைக்காததால் மகன் வில்லியம் லைட்டின் சாயலில் வடித்தார்கள். அந்த மகன்தான் தென் ஆஸ்திரேலியாவின் முதல் தலைமை நில அளவையாளர். 1837-இல் அடிலெய்ட் நகரத்தை அளந்து வகுத்து, 1839 அக்டோபரில் அங்கேயே இறந்தார். அவருடைய தாய் மார்த்தினா ரோசெல்ஸ் கெடா அரச குடும்பத்துப் பெண் என்று ஒரு கதை நெடுநாளாக உலவுகிறது. 1794-இல் இறந்த பிரான்சிஸ் லைட்டின் உயிலோ, 1772 முதல் தம்முடன் வாழ்ந்து வருபவர் என்று மட்டுமே அவரைக் குறிப்பிட்டுச் சொத்து எழுதி வைக்கிறது. உயில் சொன்னதோடு நிற்க வேண்டும். மார்த்தினாவின் பெற்றோர் யார் என்பதற்கு வேறு ஆவணம் வேண்டும். 'இளவரசி' என்று எழுத ஆசையாக இருக்கிறது என்பது ஒரு காரணமாகாது.

எந்தத் தாளை எடுத்தாலும் இந்தத் தகவலைச் சொன்னது யார், அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டுவிட்டுத்தான் நகர வேண்டும். மெல்பர்ன் இருக்கும் விக்டோரியாவில் பிறப்பு, மணம், இறப்பு ஆகியவற்றின் அரசுப் பதிவு 1853 ஜூலை 1-இல் தொடங்கியது. அங்கத்திய மரணப் பத்திரம் ஒரு புதையல்: இறந்தவரின் வயது, தொழில், தாய் தந்தை பெயர், தந்தையின் தொழில், பிறந்த ஊர், எந்தெந்தக் காலனியில் (இன்றைய மாநிலங்கள் அன்று தனித்தனி பிரிட்டிஷ் காலனிகள்) எத்தனை ஆண்டு இருந்தார், எங்கே எந்த வயதில் யாரை மணந்தார், பிள்ளைகளின் பெயரும் வயதும், எல்லாம் ஒரே தாளில் இருக்கும். புதிதாகத் தேடுபவர்கள் இதைக் கண்டதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் இறந்தவர் வந்து சொல்லவில்லையே! சொன்னவர் மருமகனாக இருப்பார், பக்கத்து வீட்டுக்காரராக இருப்பார். இறந்த நாள், இடம், அடக்கம் செய்த விவரம் ஆகியவற்றை நம்பலாம். அயர்லாந்தில் இருந்த தாய் தந்தை பெயரைச் சொன்ன மருமகன் அவர்களைக் கண்ணால் பார்த்ததே இல்லை. தாயின் கன்னிப் பெயர் என்று எழுதியிருப்பது பாட்டியின் பெயராக இருப்பதும், தெரியாத கட்டத்தில் இறந்தவரின் தந்தைக்கும் அவருடைய பெயரையே போட்டுவைப்பதும் சகஜம்.

அதனால் ஒரு மரணப் பத்திரத்தை வைத்து மரம் ஏறக் கூடாது. அந்தத் தம்பதியின் எல்லாப் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களையும் எடுக்க வேண்டும், நமக்கு வேண்டிய ஒரு பிள்ளையுடையதை மட்டும் அல்ல. பெரும்பாலும் தாயோ தந்தையோ நேரில் சொன்ன தகவல் அது. பெற்றோரின் வயது, பிறந்த ஊர், மணம் நடந்த ஆண்டும் இடமும், மூத்த பிள்ளைகளின் பெயர்கள் அதில் வரும். எட்டுப் பிள்ளை என்றால் எட்டு முறை அதே கேள்விக்குப் பதில் கிடைக்கிறது. மண ஆண்டு மட்டும் ஓரிரு ஆண்டு முன்னும் பின்னும் ஆடினால், முதல் பிள்ளை எப்போது பிறந்தது என்று பாருங்கள், காரணம் புரிந்துவிடும். பிள்ளைகளுக்கு இடையே நாலைந்து ஆண்டு இடைவெளி விழுந்தால், பதிவில் தவறிய ஒரு பிள்ளையோ, தங்கம் தேடிப் போன தகப்பனோ இருக்கலாம். இறந்த குழந்தையின் பெயரையே அடுத்த குழந்தைக்கு வைப்பது அக்கால வழக்கம். 1858-இல் பிறந்த மேரியை எடுத்துக்கொண்டு அவளுக்குக் கல்யாணம் செய்துவைக்கும் முன், அவள் மூன்று வயதில் இறக்கவில்லை என்று மரணக் குறியீட்டை, அதாவது பதிவுகளின் பெயர் அட்டவணையை (இண்டெக்ஸ்), பார்த்து உறுதி செய்யுங்கள். இணையத்து மரங்களில் அதிகம் தென்படும் பிழை இதுதான்.

அரசுப் பதிவு தொடங்கிய தேதி ஒவ்வொரு காலனிக்கும் வேறு. டாஸ்மானியாவில் 1838 டிசம்பர், மேற்கு ஆஸ்திரேலியாவில் 1841 செப்டம்பர், தென் ஆஸ்திரேலியாவில் 1842 ஜூலை, சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸில் 1856 மார்ச். அதற்கு முந்தியவை தேவாலயப் பதிவேடுகள். நியூ சவுத் வேல்ஸின் இணையக் குறியீட்டில் அந்தத் தேவாலயப் பதிவுகளும் கலந்திருக்கின்றன. ஒரே ஞானஸ்நானம் இரண்டு மூன்று முறை வரக்கூடும், அதை மூன்று குழந்தைகள் என்று எண்ணிவிடக் கூடாது. எல்லையும் ஏமாற்றும். விக்டோரியா தனிக் காலனியானது 1851 ஜூலையில், குயின்ஸ்லாந்து 1859 டிசம்பரில். 1845-இல் மெல்பர்னில் பிறந்தவரை நியூ சவுத் வேல்ஸ் ஏடுகளிலும் தேட வேண்டும். அடிலெய்ட் சம்பந்தி உள்ளவர்கள் இன்னொன்றைத் தெரிந்துகொள்வது நல்லது: தென் ஆஸ்திரேலியாவின் 19ஆம் நூற்றாண்டு மரணப் பத்திரத்தில் பெற்றோர் பெயரே இராது. பணம் கட்டி வாங்கிவிட்டு ஏமாறுவார்கள். அங்கே உயில் வழக்குக் கோப்பும் செய்தித்தாள் மரண அறிவிப்பும்தான் கைகொடுக்கும்.

செலவு பற்றி இரண்டு வார்த்தை. குறியீடுகளைப் பார்க்கக் காசு இல்லை. விக்டோரியாவில் பழைய பத்திரங்களின் படிமத்தைப் பணம் கட்டி உடனே இறக்கலாம், முத்திரையிட்ட தாள் தேவையில்லை. நியூ சவுத் வேல்ஸில் அதிகாரம் பெற்ற படியெழுத்து முகவர்களிடம் வாங்கினால் முழுப் பத்திரத்தை விட மலிவு. டாஸ்மானியாவின் 19ஆம் நூற்றாண்டுப் பதிவேட்டுப் படிமங்கள் மாநில நூலகத் தளத்தில் இலவசம். விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் இரண்டிலும் பிறப்புக்கு 100 ஆண்டு, மரணத்துக்கு 30 ஆண்டு கடந்தவையே பொதுப் பார்வைக்கு வரும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்று யாராவது ஆதாரம் காட்டினால் சந்தேகப்படுங்கள். இங்கிலாந்தைப் போல அங்கே வீட்டுவாரித் தாள்களைப் பாதுகாக்கவில்லை, பெரும்பாலும் அழித்துவிட்டார்கள். 1882-இல் சிட்னியின் கார்டன் பேலஸ் கட்டடம் எரிந்தபோது அங்கே வைத்திருந்த கணக்கெடுப்பு ஏடுகளும் போயின. முழுசாக மிஞ்சிய ஆரம்பக் கணக்கெடுப்பு நியூ சவுத் வேல்ஸின் 1828 கணக்கு, சுமார் 36,000 பேர். பெயர், வயது, வந்த கப்பல், ஆண்டு, மதம், தொழில், எத்தனை ஏக்கர், எத்தனை மாடு என்பதோடு, சுதந்திரமாக வந்தவரா, காலனியில் பிறந்தவரா, தண்டனை முடித்தவரா, மன்னிப்புப் பெற்றவரா என்ற நிலையும் ஈரெழுத்துச் சுருக்கமாக இருக்கும். 1871 கணக்கெடுப்பில் கொள்ளுத்தாத்தா பெயர் இருக்கிறது என்பவரிடம் பக்கத்தின் படிமத்தைக் கேளுங்கள். அது வரிப் புத்தகமாகவோ வாக்காளர் பட்டியலாகவோ இருக்கும்.

அடுத்து, பிரிட்டன் நாடுகடத்தி அனுப்பிய கைதிகள். 1788 முதல் 1868 வரை சுமார் 1,62,000 பேர் கொண்டுவரப்பட்டார்கள். நியூ சவுத் வேல்ஸுக்கு 1840-இல் நின்றது (1849-இல் வந்த சில கப்பல்கள் விதிவிலக்கு), டாஸ்மானியாவுக்கு 1853-இல். மேற்கு ஆஸ்திரேலியா 1850-இல்தான் வாங்கத் தொடங்கியது. தென் ஆஸ்திரேலியாவுக்கு நேராக அனுப்பவே இல்லை. ஒரு காலத்தில் குடும்பங்கள் இதை மூடி மறைத்து, கைதித் தாத்தாவைக் கப்பல் கேப்டனாக்கின. இன்று தலைகீழ். 1788 ஜனவரி 26-இல் சிட்னிக்கு வந்த 11 கப்பல்களில் ஒன்றில் எப்படியாவது ஒரு மூதாதையை ஏற்றிவிடத் துடிக்கிறார்கள். இரண்டு ஆசையும் ஆவணத்தைக் கெடுக்கும்.

ஜான் ஸ்மித் என்ற பெயரில் பல கைதிகள் இருந்தார்கள். அதிகாரிகளே பெயரை நம்பாமல் கப்பல் பெயரைச் சேர்த்துத்தான் எழுதினார்கள். ஒரே கப்பல் பலமுறை வந்திருப்பதால் ஆண்டும் வேண்டும். கைதி வருகைப் பட்டியலில் விசாரணை நடந்த இடம், தேதி, குற்றம், தண்டனை, மதம், படிப்பு, தொழில், உயரம், கண் நிறம், பச்சை குத்திய அடையாளம் வரை இருக்கும். 1820-களின் பிற்பகுதிக்குப் பிறகு வந்த பட்டியல்களில் விவரம் கூடுதல். தண்டனைக் காலத்திலேயே சொந்தமாக உழைத்துப் பிழைக்க அனுமதித்த 'டிக்கெட் ஆஃப் லீவ்' என்ற நடமாட்டச் சீட்டிலும் விடுதலைச் சான்றிதழிலும் அதே உயரம், அதே தழும்பு வருகிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். தண்டனைக் கணக்கும் உதவும். நியூ சவுத் வேல்ஸில் 7 ஆண்டுக் கைதிக்கு 4 ஆண்டிலும், 14 ஆண்டுக்கு 6 ஆண்டிலும், ஆயுள் தண்டனைக்கு 8 ஆண்டிலும் அந்தச் சீட்டு கிடைக்க வழி இருந்தது. ஆயுள் கைதிக்குத் தண்டனைக் காலம் முடிவதே இல்லை, அதனால் விடுதலைச் சான்றிதழும் இல்லை, மன்னிப்பு மட்டுமே உண்டு. ஒரு மரத்தில் ஆயுள் கைதிக்கு விடுதலைச் சான்றிதழ் எண் போட்டிருந்தால் இரண்டு மனிதர்களை ஒட்டவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அரசுச் செலவில் வந்த குடியேறிகளின் பட்டியலிலும் ஒரு சூது உண்டு. உதவித்தொகைக்கு வயது வரம்பு இருந்ததால் வயதைக் கூட்டியும் குறைத்தும் சொன்னார்கள். தனியாக வந்த பெண்களை ஒரு தம்பதியின் பாதுகாப்பில் வருவதாக எழுதினார்கள். அந்தத் தம்பதியை அக்கா அத்தான் என்று மரத்தில் சேர்த்துவிடக் கூடாது. நியூ சவுத் வேல்ஸுக்கு வந்தவர்களுக்கு முகவர் பட்டியல், வாரியப் பட்டியல் என இரண்டு உண்டு. பெற்றோர் பெயர் வாரியப் பட்டியலில்தான் வரும், ஒன்றைப் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். சொந்தக் காசில் வந்தவர்களுக்கு 'திரு. பிரவுனும் குடும்பமும்' என்பதற்கு மேல் கிடைப்பது அரிது. பாய்க்கப்பல் பயணம் மூன்று நான்கு மாதம் பிடித்தது. ஜூனில் லண்டனில் ஒரு பிள்ளை, ஆகஸ்டில் சிட்னியில் அப்பாவுக்கு நிலம் என்றிருந்தால் எங்கோ முடிச்சு தப்பு.

தேசிய நூலகத்தின் 'ட்ரோவ்' களஞ்சியத்தில் 1803 முதல் பெரும்பாலும் 1954 வரையிலான செய்தித்தாள்கள் இலவசம். இயந்திரம் வாசித்த எழுத்து என்பதால் பழைய அச்சில் பெயர்கள் சிதைந்திருக்கும். குடும்பப் பெயர் சிக்காவிட்டால் பண்ணைப் பெயர், ஊர், கப்பல் பெயர் போட்டு, தேதியைச் சுருக்கித் தேடுங்கள். பிரிட்டன் பக்கம் போகிறவர்கள் 1841 கணக்கெடுப்பில் 15-க்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதும்படி விதி இருந்ததை மறக்க வேண்டாம். 29 வயதுக்காரர் 25 ஆகிவிடுவார். அயர்லாந்தின் ஆவணக் காப்பகம் 1922-இல் எரிந்ததால், ஐரிஷ் குடும்பங்களுக்கு ஆஸ்திரேலியப் பத்திரத்தில் இருக்கும் ஊர்ப் பெயரே பல வேளை கடைசித் துப்பு.

பினாங்கில் இருப்பவர்களுக்கு ஒரு வேலை வரும். நார்தாம் ரோடு பழைய புராட்டஸ்டன்ட் கல்லறையில் ஒரு கல்லைப் படம் எடுத்து அனுப்பு என்று ஆஸ்திரேலியாவிலிருந்து கேட்பார்கள். கம்பித் தூரிகை, சுண்ணக்கட்டி, சோப்பு எதுவும் வேண்டாம், கல் பொரிந்துவிடும். வெயில் பக்கவாட்டில் விழும் காலை நேரத்தில் போனால் தேய்ந்த எழுத்தும் நிழல் கட்டித் தெரியும். கல்லை நேராக ஒன்று, சாய்வாக ஒன்று, அக்கம்பக்கத்துக் கல்லறைகளோடு ஒன்று எடுங்கள். உறவினர் பக்கத்திலேயே புதைக்கப்பட்டிருப்பது உண்டு. கல்லில் உள்ள வயதையும் அப்படியே நம்ப முடியாது, பல கற்கள் பிள்ளைகள் பின்னாளில் வைத்தவை. பினாங்கில் பிறந்ததாகச் சொல்லும் 19ஆம் நூற்றாண்டுக் குடியேறிக்கு ஞானஸ்நானப் பதிவை லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களிலும் தேடலாம்.

மரபணுச் சோதனை எடுத்தவர்கள் அதையே தீர்ப்பாக நீட்டுகிறார்கள். இரண்டு பேர் உறவு என்று அது காட்டும். எந்தத் தாத்தா வழி என்று காட்டாது. நான்காம் கிளைச் சகோதரர்களில், அதாவது ஐந்து தலைமுறைக்கு முந்திய மூதாதையர் பொதுவாக உள்ளவர்களில், சுமார் பாதிப் பேருக்குப் பொருத்தமே தென்படாது, அதனால் பொருத்தம் இல்லை என்பதும் மறுப்பு ஆகாது. சிறிய குடியேற்றங்களில் இரண்டு குடும்பங்கள் மாற்றி மாற்றிச் சம்பந்தம் செய்திருந்தால் பொருத்தத்தின் அளவு ஏறிக் காட்டும். மாமன் மகளைக் கட்டிப் பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தங்கள் ஏட்டுக்கு ஒரு வேண்டுகோள். வம்சாவளிப் பட்டியல் வெளியிடும்போது ஒவ்வொரு தலைமுறைக்கும் எதிரே எந்த ஆவணம், எந்த ஆண்டு என்று ஒரு வரி சேருங்கள். ஆவணம் இல்லாத இடத்தில் 'குடும்பத்தார் கூற்று' என்று போடுங்கள். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதியையும் தாயின் பெயரையும் அச்சிடாதீர்கள். வங்கிகளில் ஆளை உறுதிப்படுத்தக் கேட்கும் கேள்விகள் அவை.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற நூலகர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு.