ஐந்து விநாடி விவகாரம்

அன்புள்ள சங்கர்,

இங்கே எல்லோரும் நலம். உன் வீட்டிலும் அப்படியே என்று நம்புகிறேன். இத்தனை மாத மௌனத்துக்குப் பிறகு லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலைப் பற்றி எழுதுகிறானே என்று திட்டாதே. வேறு யாரிடம் சொன்னாலும் கொட்டாவிதான் விடுவார்கள்.

சர்வரில் நிரல்களைத் தனித்தனியே அடைத்து ஓட்டும் எங்கள் கன்டெய்னர்களில், ஒரு பெயருக்குரிய ஐபி முகவரியைக் கேட்கும் டிஎன்எஸ் கோரிக்கைகள் சில மட்டும் மிகச் சரியாக ஐந்து விநாடி தாமதமாயின. முரளி வழக்கம்போல "நெட்வொர்க் மோசம்" என்று தீர்ப்பெழுதிவிட்டான். மோசமான நெட்வொர்க் கடிகாரம் பார்த்தா தாமதிக்கும்? பதில் வராவிட்டால் மறுபடி கேட்பதற்கு முன், நிரல்களுக்காக முகவரி கேட்டுத்தரும் ஜிலிப்சி நூலகம் காத்திருக்கும் நேரமே ஐந்து விநாடிதான். நெட்வொர்க்கில் போவதை அப்படியே காட்டும் டிசிபிடம்ப்பில் பார்த்தால் கன்டெய்னரிலிருந்து இரண்டு பாக்கெட்டுகள் கிளம்புகின்றன, சர்வரை விட்டு ஒன்றுதான் வெளியேறுகிறது.

ஐபிவி4 முகவரியையும் ஐபிவி6 முகவரியையும் ஜிலிப்சி ஒரே சாக்கெட்டிலிருந்து, அதாவது ஒரே இணைப்பு முனையிலிருந்து, அடுத்தடுத்துக் கேட்கிறது. எந்தப் பாக்கெட் எந்த இணைப்பைச் சேர்ந்தது என்று கர்னல் ஓர் அட்டவணையில் குறித்துவைக்கும் ஏற்பாடுதான் கான்ட்ராக். முதல் பாக்கெட்டுக்கான பதிவு, அது வெளியேறும் கடைசிக் கட்டத்தில்தான் அட்டவணையில் ஏறும். அதற்குள் வேறொரு பிராசஸரில் ஓடும் இரண்டாவது பாக்கெட், அட்டவணை காலியாக இருப்பதைக் கண்டு தனக்கென ஒரு பதிவை உருவாக்கிக்கொள்கிறது. நீயும் முரளியும் திருச்சி பஸ்ஸில் ஒரே சீட்டுக்கு ஆளுக்கொரு துண்டு போட்டீர்களே, அதே கதைதான். பிந்தியதைக் கர்னல் சத்தமின்றிக் கீழே போட்டுவிடுகிறது. 'இன்சர்ட் ஃபெயில்ட்' எண்ணிக்கை ஒன்று கூடுவதைத் தவிர வேறு தடயம் கிடையாது.

இரண்டும் ஒரே இணைப்பைச் சேர்ந்தவை என்று கண்டுகொண்டு, பிந்தியதை முந்தியதன் பதிவிலேயே சேர்த்துவிடும் திருத்தங்கள் கர்னலின் 4.19 பதிப்பிலும் 2019 மார்ச்சில் வந்த 5.0 பதிப்பிலும் உள்ளன. அவற்றை எங்கள் பழைய கர்னலுக்குக் கொண்டுவந்து பொருத்தினேன்; இந்தத் தாமதம் ஒழிந்தது. டிஎன்எஸ் அமைப்புகள் இருக்கும் ரிசால்வ் கோப்பில், இரண்டாவது கேள்வியைப் புது சாக்கெட்டில் கேட்கச் சொல்லும் 'சிங்கிள் ரிக்வெஸ்ட் ரீஓப்பன்' என்று ஒரு வரி சேர்த்தால் போதாதா என்றார் மேலாளர். ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸ் வகைக் கன்டெய்னர்களில் ஜிலிப்சிக்குப் பதிலாக இருக்கும் மசில் அந்த வரியைச் சீண்டுவதே இல்லை என்று விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

இனி விளையாட்டு இல்லை, சங்கர். உங்கள் மருத்துவமனைக் கருவிகள் அளவீடுகளை, போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காத யுடிபி முறையில் அனுப்புகின்றன, சர்வரில் இன்னும் 4.15 கர்னல்தான் ஓடுகிறது என்று போனமுறை சொன்னாய். டிஎன்எஸ்ஸிலாவது ஐந்து விநாடி கழித்து மறுபடி கேட்க ஆள் உண்டு; ஒருமுறை அனுப்பிவிட்டு மறந்துவிடும் நிரலில், புதிய இணைப்பின் முதல் பாக்கெட்டுகளில் ஒன்று இப்படி விழுந்தால் விழுந்ததுதான், யாருக்கும் தெரியாது. நாளைக்கே 'கான்ட்ராக் -எஸ்' (பெரிய எழுத்து S) கட்டளையை ஓட்டி, அந்த 'இன்சர்ட் ஃபெயில்ட்' எண்ணிக்கை ஏறுகிறதா என்று எனக்கு எழுது. ஏறினால் அந்தத் திருத்தங்களின் பேட்சுகளை அனுப்புகிறேன். முரளியிடம் மட்டும் கேட்காதே; என்ன சொல்வான் என்று உனக்கே தெரியும்.

அன்புடன்,
ரகு