தலைப்பிலிருந்து நேரே பின்னூட்டத்துக்கு: தமிழ்ச் செய்தித்தள ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். உங்கள் வாசகர்களில் பலர் தலைப்பைப் பார்த்த கையோடு கமெண்ட் பகுதிக்கு இறங்கிவிடுகிறார்கள். செய்தியைப் படிப்பது அதற்குப் பிறகுதான், அதுவும் தோன்றினால். இது நம்மூர் வியாதி மட்டுமல்ல. 2014 ஏப்ரல் 1 அன்று அமெரிக்காவின் என்பிஆர் வானொலி, 'அமெரிக்கா ஏன் இப்போதெல்லாம் வாசிப்பதில்லை?' என்ற தலைப்பை ஃபேஸ்புக்கில் போட்டது. திறந்தால் கட்டுரையே கிடையாது. இது ஏப்ரல் ஃபூல், படித்தவர்கள் லைக் மட்டும் போடுங்கள், கமெண்ட் போடாதீர்கள் என்று இருந்தது. கீழே கமெண்ட்கள் குவிந்தன.

வாசகரைச் சோம்பேறி என்று திட்டிவிட்டுப் போகலாம். ஆனால் 'பகீர்', 'அதிர்ச்சி' என்று தலைப்பு வைத்து, விஷயத்தை ஆறாவது பத்தியில் ஒளித்தால் அவர் வேறு என்ன செய்வார்? "மேட்டர் இதுதான்" என்று ஒரு புண்ணியவான் கீழே ஒரே வரியில் எழுதியிருப்பார். அந்த வரியை நீங்களே முதல் பத்தியில் எழுதிவிடுங்கள்.

கீழே இருப்பது மேலே இருப்பதன் நிறத்தையும் மாற்றும். 2013-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நானோ வெள்ளி (மிக நுண்ணிய வெள்ளித் துகள்கள்) பற்றிய ஒரே கட்டுரையை 1,183 பேருக்குக் கொடுத்தார்கள். சிலருக்கு நாகரிகமான பின்னூட்டங்கள், மற்றவர்களுக்கு வசை கலந்தவை. வசையைப் படித்தவர்களிடையே அந்தத் தொழில்நுட்பத்தின் ஆபத்து பற்றிய கருத்து இரு துருவமாகப் பிரிந்தது. கட்டுரையில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

அதனால் மட்டுறுத்தலும், அதாவது பின்னூட்டங்களைப் பார்த்து எதை விடுவது, எதை நிறுத்துவது என்று முடிவு செய்வதும், ஆசிரியர் வேலைதான். அதைக் கெட்ட வார்த்தைப் பட்டியலிடம் மட்டும் விட்டால் தமிழில் என்ன ஆகும்? பட்டியலில் 'நாய்' என்று போடுகிறீர்கள். 'நாயே' சிக்காது; கணினிக்குப் புள்ளி தனிக்குறி, 'நாயே'வில் அதன் இடத்தில் ஏகாரக் குறி உட்கார்ந்துவிடுகிறது. சரி, புள்ளியை நீக்கி 'நாய' என்று தேடினால் ஜனநாயகம், கதாநாயகன், நாயன்மார், திருமலை நாயக்கர் எல்லோரும் உள்ளே போவார்கள்! வேற்றுமை உருபும் விளியும் சேர்ந்த வடிவங்களை ஒவ்வொன்றாக, முழுச் சொல்லாகச் சேர்ப்பதே வழி. 'naaye', 'naye' போன்ற தங்கிலீஷ் வடிவங்களும் வேண்டும். தேடுவதற்கு முன், ஒரு நகலில், எழுத்துகளுக்கு நடுவே செருகிய முற்றுப்புள்ளி, நட்சத்திரக்குறி, கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஆகியவற்றை நீக்குங்கள். 'ொ' ஒரே குறியாகவும் வரும், 'ெ', 'ா' என இரண்டாகவும் வரும். பிரிந்த குறிகளைச் சேர்த்து ஒரே வடிவாக்கும் ஒருங்குறியின் (யூனிகோட்) என்எஃப்சி முறையில் ஒன்றாக்காவிட்டால் பாதி தப்பிவிடும். சிக்கியதை அழிக்காதீர்கள், நிறுத்திவையுங்கள். சாதியைச் சாடையாகக் குத்தும் நக்கலில் ஒரு கெட்ட வார்த்தைகூட இருக்காது. அதைப் பிடிக்க ஊர்ப்பேச்சு தெரிந்த ஆள்தான் வேண்டும்.

'அதிக லைக்' வரிசையை முதல் சில மணி நேரத்துக்கு அணைத்துவையுங்கள். முதலில் வந்தவர் மேலே நிற்பார், மேலே நிற்பதால் லைக் வாங்குவார், லைக் வாங்கியதால் மேலேயே நிற்பார். சூடான செய்திகளுக்கு நார்வே ஒலிபரப்பு நிறுவனம் என்ஆர்கே-யின் தொழில்நுட்பப் பிரிவு 2017-ல் செய்துபார்த்தது பொருந்தும்: கட்டுரையிலிருந்து மூன்று எளிய கேள்விகள், சரியாகப் பதில் சொன்னால்தான் கமெண்ட் பெட்டி திறக்கும். எல்லாச் செய்திக்கும் இதை வைத்தால் வாசகர் ஓடிவிடுவார்.

சட்டப் பக்கமும் உண்டு. வாசகர்கள் எழுதிய ஐந்து கமெண்ட்களுக்காக மலேசியாகினி தளத்துக்கு 2021 பிப்ரவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 5 லட்சம் ரிங்கிட் அபராதம் விதித்தது.

கடைசியாக ஒரு சின்ன வேண்டுகோள். "அது தென்காசி மாவட்டம், திருநெல்வேலி இல்லை" என்று ஒருவர் எழுதினால், செய்தியை ஓசையில்லாமல் மாற்றிவிட்டு அவர் கமெண்டைத் தூக்கிவிடாதீர்கள். செய்தியின் அடியில் திருத்திய நேரத்தைப் போட்டு, அவருக்குக் கீழே "திருத்திவிட்டோம், நன்றி" என்று ஒரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
பின்னூட்டங்களை மட்டுறுத்தும் சிலர்