மடிக்கணினியின் வைஃபை முகவரியை எழுதி அனுப்புவது பற்றி

அன்புள்ள பெற்றோர், பாதுகாவலர்களுக்கு,

வணக்கம். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் பிள்ளைகள் அடுத்த மாதத்திலிருந்து தங்கள் மடிக்கணினியைக் கொண்டுவந்து பாடசாலை வைஃபையில் இணைத்துக்கொள்ளலாம். பைதன் நிரல்மொழிப் பயிற்சியை ஆய்வுகூடத்தில் பாதி, வீட்டில் பாதி என்று செய்து அலைக்கழிகிறார்கள். அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. இணைக்கும் முன் ஒவ்வொரு கணினியின் முகவரியும் எங்கள் பதிவில் இருக்க வேண்டும்.

கடவுச்சொல் இருக்கிறதே, அது போதாதா என்று சிலர் கேட்டீர்கள். போதவில்லை. காலையில் ஒரு பிள்ளைக்குச் சொன்னால் பின்னேரத்துக்குள் அது மதிலுக்கு வெளியே ஓட்டோத் தரிப்பிடம் வரை போய்விடுகிறது. அப்புறம் வகுப்பு நடக்கும்போது ஒரு பக்கமும் திறப்பதில்லை. எனவே பட்டியலில் இல்லாத கருவியை, வைஃபை கொடுக்கும் பெட்டியான ரவுட்டர் சேர்க்காதபடி பாட ஆசிரியர் அமைத்திருக்கிறார். இதை ஏமாற்றவே முடியாது என்று நான் சொல்லமாட்டேன், முகவரியை மாற்றிக் காட்டத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். ஓட்டோத் தரிப்பிடத்துக்கு இது போதும்.

நாங்கள் கேட்பது மாக் முகவரி. மோட்டார் சைக்கிளில் அடித்திருக்கும் சேஸி இலக்கம் மாதிரி, கணினியின் வைஃபை அட்டையைச் செய்யும்போதே அதில் பதித்துவிடுகிற இலக்கம் இது. பன்னிரண்டு குறிகள், இரண்டிரண்டாகப் பிரித்து 00-1ஏ-2பி-3சி-4டி-5ஈ என்பது போல வரும். முதல் ஆறு குறிகள் அட்டையைச் செய்த நிறுவனத்துக்குரியவை. நீங்கள் எழுதித் தரும் துண்டில் எழுத்துகளை ஆங்கிலப் பெரிய எழுத்திலேயே எழுதுங்கள்.

சென்ற வாரம் வந்த துண்டுகளைப் பார்த்தேன். பலவற்றில் 192.168 என்று தொடங்கும் இலக்கம் இருக்கிறது. அது ஐபி முகவரி. உங்கள் வீட்டு ரவுட்டர் அந்த நேரத்துக்குக் கொடுத்த இலக்கம், நாளைக்கு வேறாக இருக்கலாம். 192.168 வரிசையை வீடு, அலுவலகம் போன்றவற்றின் உள்பாவனைக்கென்றே ஒதுக்கியிருப்பதால் களுவாஞ்சிகுடியில் ஒரு வீட்டிலும் ஆரையம்பதியில் இன்னொரு வீட்டிலும் ஒரே இலக்கம் இருக்கலாம். அதை வைத்து எந்தக் கணினி யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாது. அந்தத் துண்டுகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம், கோபிக்க வேண்டாம்.

வேறு சிலவற்றில் ‘ஓ’ எழுத்து இருந்தது, ஒன்றில் ‘ஜி’ கூட. இது பதினாறு குறிகளால் எழுதும் பதினறும எண். 0 முதல் 9 வரை, பிறகு ஏ முதல் எஃப் வரை, அவ்வளவுதான். வட்டமாகத் தெரிவது எப்போதும் பூச்சியம். எட்டையும் ‘பி’யையும் மட்டும் கண்ணை ஊன்றிப் பாருங்கள். பிள்ளைகள் இதைப் பாடத்தில் படித்திருக்கிறார்கள், ஏன் பதினாறு என்று அவர்களிடமே கேளுங்கள்.

சரி, எங்கே பார்ப்பது? விண்டோஸ் 10, 11 என்றால் செட்டிங்ஸ் திறந்து, நெட்வொர்க் அன்ட் இன்டர்நெட், அதற்குள் வைஃபை, அதற்குள் ஹார்ட்வெயர் புரொப்பர்ட்டீஸ் என்று போங்கள். பிசிக்கல் அட்ரஸ் என்ற வரியில் இருப்பதுதான் நமக்கு வேண்டியது. அதே வைஃபை பக்கத்தில் ரான்டம் ஹார்ட்வெயர் அட்ரஸஸ் என்று ஒரு சுவிட்ச் இருந்தால், அது அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது போட்டிருந்தால் கணினி தன் சொந்த முகவரியை மறைத்துக் கற்பனை முகவரி ஒன்றைக் காட்டும், எங்கள் ரவுட்டர் அதை அடையாளம் காணாது.

பழைய விண்டோஸ் 7 இன்னும் பல வீடுகளில் ஓடுகிறது. அதில் ஸ்டார்ட்டை அழுத்தி சி, எம், டி என்று தட்டி என்டர் அடித்தால் கறுப்புத் திரை வரும். ஐ, பி, சி, ஓ, என், எஃப், ஐ, ஜி என்று சேர்த்து எழுதி, ஓர் இடைவெளி விட்டு, வலப்பக்கம் சாய்ந்த கோடு போட்டு, உடனே ஏ, எல், எல் என்று எழுதி என்டர் அடியுங்கள். திரை நிறைய வரிகள் ஓடும், பயப்பட வேண்டாம். வயர்லெஸ் என்று தொடங்கும் பகுதியில் பிசிக்கல் அட்ரஸ் வரியைப் பாருங்கள். ஈதர்நெட் பகுதியில் இருப்பது வயர் செருகும் துவாரத்தின் முகவரி, புளூடூத்துக்கும் தனியாக ஒன்று உண்டு. இரண்டும் வேண்டாம். புதிய விண்டோஸில் இந்த வழியால் போனால், பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறியுள்ள லோக்கல் ஏரியா கனெக்‌ஷன் பகுதிகளையும் விட்டுவிடுங்கள்.

எழுதிய பிறகு இரண்டாவது குறியைப் பாருங்கள். அது 2, 6, ஏ, ஈ இவற்றில் ஒன்றானால், அநேகமாக நீங்கள் எடுத்தது அட்டையின் சொந்த முகவரி அல்ல. திரும்பப் பாருங்கள். வெளியே செருகும் டொங்கிளால் வைஃபை எடுப்பவர்கள் டொங்கிளின் முகவரியைத்தான் தர வேண்டும், அதே டொங்கிளையே கொண்டுவரவும் வேண்டும்.

இந்த இலக்கத்தைக் கொடுத்தால் வீட்டுப் படங்களை யாராவது பார்ப்பார்களா என்று சில தாய்மார் கேட்டார்கள். பார்க்க முடியாது. மாக் முகவரி அந்த ஒரு வைஃபைக்குள் மட்டும் பயன்படுவது, ரவுட்டரைத் தாண்டி இணையத்துக்குப் போவதில்லை. இதற்காகக் கடவுச்சொல்லோ, போனுக்கு வரும் ஓடிபியோ யாரும் கேட்கமாட்டோம். பாடசாலையின் பெயரைச் சொல்லி யாராவது கேட்டால் கொடுக்க வேண்டாம், எனக்கு அறிவியுங்கள்.

கொமியூனிகேஷன் கடைக்குப் போய்ப் பணம் கொடுத்தும் இதைப் பார்க்க வேண்டியதில்லை, எந்தச் செயலியும் இறக்க வேண்டியதில்லை. முடியாவிட்டால் கணினியைப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள், ஆசிரியர் பார்த்து எழுதிக்கொள்வார். போன் கொண்டுவரும் அனுமதி இதில் அடங்காது.

மடிக்கணினி இல்லாதவர்கள் இதற்காகக் கடன்பட்டு வாங்க வேண்டாம். ஆய்வுகூடக் கணினிகள் பாடசாலை விட்ட பிறகும் திறந்திருக்கும். குருமண்வெளி படகுப் பாதையால் வாவியைக் கடந்து போகும் படுவான்கரைப் பிள்ளைகளுக்கு அந்த நேரம் ஒத்துவராது என்பதால், இடைவேளையில் அவர்களுக்கே முதலிடம்.

துண்டில் பிள்ளையின் பெயர், வகுப்பு, மாக் முகவரி மூன்றும் எழுதி, உங்கள் கையொப்பத்துடன் வெள்ளிக்கிழமைக்கு முன் வகுப்பாசிரியரிடம் சேர்ப்பியுங்கள். இடையில் கணினி மாறினால் புதிய துண்டு தர வேண்டும்.

இப்படிக்கு,
அதிபர்