அதட்டல் எங்கிருந்து வந்தது?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

"தோட்டப்புறப் பெற்றோர் அதட்டியே வளர்ப்பதால்தான் மலையகத்தில் நல்ல தலைவர்கள் உருவாவதில்லை." போன ஞாயிறு உங்கள் பெற்றோர் பக்கத்தில் வந்த வரி இது. இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, தோட்டப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வுபெற்றவள் நான். வாசித்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் 1960களில் பெற்றோரை, அதட்டிக் கீழ்ப்படிய வைப்பவர், காரணம் சொல்லி வளர்ப்பவர், விட்டுக்கொடுப்பவர் என்று வகை பிரித்ததைக் கட்டுரையாளர் சொல்கிறார். அது அமெரிக்கக் குடும்பங்களைப் பார்த்துச் சொன்னது. அதே நாட்டில் சமூகவியலாளர் மெல்வின் கோன் கண்டதையும் எழுதியிருக்கலாமே! தலைக்கு மேல் ஆள் நின்று ஏவுகிற வேலையில் இருக்கும் தகப்பன், பிள்ளையிடமும் கீழ்ப்படிதலைத்தான் பெரிதாக எதிர்பார்க்கிறான் என்றார் அவர்.

தோட்டத்தில் மேலாளரான பெரிய துரை உதவி மேலாளரான சின்னத் துரையை, சின்னத் துரை கணக்கப்பிள்ளையை, கணக்கப்பிள்ளை கங்காணியை அதட்டுவது தாங்கள் அறியாததல்ல. கடைசியில் அது வந்து விழுந்தது எங்கள் அம்மாமார் மேல். ஈரக் கொழுந்து என்று தராசடியில் கிலோ வெட்டும்போது என் அம்மா ஏனென்று கேட்டால், "வாய மூடிக்கிட்டுப் போ" என்பார் கணக்கப்பிள்ளை. பொழுதுபட்டு வந்து, கூடைக் கயிறு அழுத்திய உச்சந்தலையைத் தேய்த்துக்கொண்டு அடுப்படியில் குந்தியிருக்கும் அம்மாவிடம் நான் ஏதாவது கேட்டால், அதே சொல்தான் எனக்கும் கிடைக்கும். விடியுமுன் எங்களைப் பிள்ளைக் காப்பகமான பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டு, வேலைக்கு ஆளெண்ணும் பிரட்டுக்கு ஓடியவளுக்கு, உட்கார்ந்து காரணம் சொல்ல நேரம் யார் கொடுத்தார்கள்?

என் வகுப்பில் யாரைத் தலைவராக்கினாலும் பிள்ளை முதலில் தேடுவது பிரம்பைத்தான். ஏனென்று ஒரு பையனைக் கேட்டேன். "தலைவருன்னா அதட்டணும்தானே டீச்சர்" என்றான். 1939இல் உளவியலாளர் குர்ட் லெவின் குழுவினர் சிறுவர் குழுக்களை வைத்துப் பார்த்தபோது, அதட்டும் தலைவர் வெளியே போனதும் பிள்ளைகளின் வேலை படுத்துவிட்டது. கலந்துபேசும் தலைவர் இல்லாதபோதும் வேலை நடந்தது. என் வகுப்பிலும் இதைக் கண்ணால் கண்டிருக்கிறேன்.

தலைவர்கள் உருவாகவில்லையாம். 1948இல் குடியுரிமையும் மறுவருடம் வாக்கும் பறிபோன சனம் நாங்கள். மிஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுக்க 2003இலும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. அதையும் என் அம்மாவின் வளர்ப்பா கெடுத்தது? மேடைக்கு மேடை "நான் உங்கள் தகப்பன் மாதிரி" என்று எங்களைக் குழந்தைகளாக்கும் தலைவர்மாரைப் பற்றி அந்தப் பக்கத்தில் ஒரு வரி இல்லை. நீங்களும்தான், சம்பளப் போராட்டத்தின்போது "தொழிலாளர் அடம்பிடிப்பு" என்று தலைப்பிட்டீர்கள். பிள்ளைதானே ஐயா அடம்பிடிக்கும்? அப்போது எழுதிய கடிதத்தையும் நீங்கள் போடவில்லை.

கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லவில்லை. ஆனால் கட்டுரையோடு போட்ட படத்தில் கூடையோடு முன்னால் நிற்பவர் எங்கள் தோட்டத்துப் பெண். பெயர் கேட்டு, அனுமதி கேட்டு எடுத்த படமல்ல அது. அவருடைய மகள் அதைப் பாடசாலையில் பார்த்துவிட்டு வந்து அழுதிருக்கிறாள். அந்தப் படத்தை இனிமேல் பெற்றோர் பக்கத்தில் போடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
மஸ்கெலியா.