இரு சக்கரங்களும் ஒரே தண்டில்தான்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஸ்காட்லாந்தின் 'வேவர்லி' துடுப்புச் சக்கரக் கப்பல் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில் ஒரு பிழை. ஒரு சக்கரத்தை முன்னோக்கியும் மற்றதைப் பின்னோக்கியும் சுழற்றி, நின்ற இடத்திலேயே அது திரும்பும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படித் திரும்பியவை சில இழுவைக் கப்பல்கள். பிரிட்டிஷ் கடற்படை 1950-களில் கட்டிய டீசல்-மின்சாரத் துடுப்பு இழுவைகளுக்கு அந்த வசதி இருந்தது. 1947-இல் ஓடத் தொடங்கிய வேவர்லியில் இரு சக்கரங்களும் ஒரே தண்டில் இறுகப் பூட்டப்பட்டவை. ஒன்று சுற்றினால் மற்றதும் அதே திசையில், அதே வேகத்தில் சுற்றியாக வேண்டும்.

கேப்டனின் சிரமமெல்லாம் இதில்தான் தொடங்குகிறது. புரொப்பெல்லர் கப்பலில் தள்ளப்படும் நீர் நேரே சுக்கான்மீது பாயும். மெதுவாகப் போனாலும் கப்பல் திரும்பும். இங்கே சக்கரங்கள் நடுவில், இரு பக்கங்களிலும் இருக்கின்றன. கப்பல் ஓடினால்தான் சுக்கானுக்குப் பிடி. பின்னோக்கிப் போகும்போது அநேகமாகப் பிடியே இல்லை. ஆகவே, கடைசி வரை ஓட்டத்தை விடாமல் துறையை நெருங்கி, பிறகு சக்கரங்களைப் பின்னோக்கிச் சுழற்றி நிறுத்த வேண்டும். முன்பக்கத்திலிருந்து பின்னோக்கி இழுத்த கயிற்றைத் துறையில் மாட்டிக்கொண்டு மெல்ல முன்னோக்கி ஓட்டினால், கப்பல் துறையை ஒட்டி வரும்.

அந்த நேரம் பார்த்து, இறங்கும் அவசரத்தில் பயணிகள் எல்லோரும் துறைப்பக்கம் திரண்டால் வந்தது வினை. கப்பல் சாயும், அந்தப் பக்கச் சக்கரம் ஆழ்ந்து அதிகமாகத் தள்ளும், மறுபக்கச் சக்கரம் மேலெழுந்து நீரை வீணாக அடிக்கும். முன்பகுதி துறையை விட்டு விலகும். கூட்டத்தை இரு பக்கமும் பரவி நிற்கச் சொல்வது இதனால்தான்.

சக்கரத்தின் அமைப்பைக் கட்டுரை தொடவேயில்லை. ஒவ்வொன்றிலும் எட்டு மரப்பலகைகள். அவை அசையாமல் பொருத்தப்பட்டிருந்தால் இறங்கும்போது நீரை அறையும், ஏறும்போது நீரை வாரித் தூக்கும், ஆற்றல் பாழ். அதைத் தவிர்க்க, சக்கர மையத்திலிருந்து சற்று விலகிய இன்னொரு மையத்திலிருந்து வரும் கம்பிகள் ஒவ்வொரு பலகையையும் திருப்பி, நீருக்குள் இருக்கும்வரை ஏறத்தாழச் செங்குத்தாகவே வைத்திருக்கின்றன. மிதக்கும் மரக்கட்டை சிக்கினால் பலகை உடையும். உடனே என்ஜினை நிறுத்தாவிட்டால் உடைந்த துண்டு அடுத்த பலகையில் இடித்துக் கம்பிகளையும் வளைத்துவிடும். கம்பி மூட்டுகளின் உள்ளே தேய்மானத்தைத் தாங்கும் வளையங்களான புஷ்கள் தேய்ந்தால் பலகைகள் ஆடித் தட்டும். அந்தச் சத்தம் கேட்ட பிறகும் பழுதுபார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

என்ஜினில் 24, 39, 62 அங்குல விட்டமுள்ள மூன்று சிலிண்டர்கள். பிஸ்டன் ஓட்டம் 66 அங்குலம். ஒரே நீராவி மூன்றிலும் அடுத்தடுத்து விரிந்து வேலை செய்கிறது. புறப்படுமுன் சிலிண்டர்களை நீராவியால் சூடேற்றி, வடிகால் குழாய்களைத் திறந்து, உள்ளே தேங்கிய நீரை வெளியேற்றியாக வேண்டும். நீர் அமுங்காது, மிச்சமிருந்தால் பிஸ்டன் மோதி சிலிண்டர் மூடியே பிளக்கலாம்.

திருத்தத்தை அடுத்த இதழில் வெளியிட வேண்டுகிறேன். வேவர்லியில் பயணம் செய்யும் வாசகர்கள் என்ஜினை நடைபாதையிலிருந்தே பார்க்கலாம். மூன்று பிஸ்டன்களும் ஒரே தண்டைத்தான் சுழற்றுகின்றன என்பது அங்கே கண்ணெதிரே தெரியும்.

இப்படிக்கு,
கப்பல் பொறியாளர் ஒருவர்,
சென்னை