குட்டி இப்போது வேண்டாம், பத்மா

அன்புள்ள பத்மா,

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. உங்கள் நாய்க்குட்டி மணி இப்படிப் போய்விடும் என்று நினைக்கவே இல்லை. பார்வோ என்கிற அந்த வைரஸ் நோய் வந்தால் குட்டிகள் தாங்குவது கஷ்டம்தான். ‘ஒரு ஊசி போட்டிருந்தோமே’ என்று புலம்பியிருக்கிறாய். ஒன்று போதாதடி. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி உடம்பில் இருக்கும்வரை ஊசியை வேலை செய்ய விடாது. அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் ஆகும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். மணிக்கு அந்த வயதே வரவில்லை. அதற்கு நீ என்ன செய்வாய்?

அண்ணா அடுத்த வாரமே வேறு குட்டி கொண்டு வருகிறேன் என்கிறாராமே. வீடு வெறிச்சென்று இருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை, புரிகிறது. உனக்கோ மணியின் இடத்தில் இன்னொன்றைப் பார்க்க மனம் வரவில்லை. மனசு எப்போது ஆறும் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் உன் வீட்டுத் தரையைப் பற்றிச் சொல்வேன். ஃபினாயில் ஊற்றிக் கழுவினோம் என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கிருமி ஃபினாயிலுக்கெல்லாம் சாகாது. முதலில் நன்றாகக் கழுவிவிட்டு, ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிடு. திண்ணைக்கும் முற்றத்துக்கும் அது சரி. கொல்லையில் வாழையடி மண்ணுக்கு அது உதவாது. நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் கிருமி பல மாதம் கிடக்கும், ஒரு வருடம்கூட. மணி படுத்த சாக்கை எரித்துவிடு. அண்ணாவிடம் இதைச் சொல், உன் மனசைப் பற்றி வாதாட வேண்டியிருக்காது.

அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது என்றால், ஊசியெல்லாம் போட்டு முடித்த வளர்ந்த நாயாகப் பாருங்கள். சென்னையில் ப்ளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பில் நாட்டு நாய்களைத் தத்துக் கொடுக்கிறார்கள். நமக்கும் அறுபது தாண்டிவிட்டது; குட்டி என்றால் பன்னிரண்டு, பதின்மூன்று வருடம் அதன் பின்னால் ஓட வேண்டும். மணி மாதிரியே செவலையாகத் தேடாதே, அவ்வளவுதான். எங்கள் வீட்டில் இப்போது இருப்பது வெள்ளை நாய். இவர் இன்னமும் அதைப் பழைய நாயின் பெயர் சொல்லி ‘கருப்பா’ என்றுதான் கூப்பிடுகிறார். அதுவும் வாலை ஆட்டிக்கொண்டு வருகிறது!

ஆடி முடிந்ததும் வருகிறேன். போவதானால் சேர்ந்தே போய்ப் பார்க்கலாம். வெங்காய வடகம் எடுத்து வைத்திருக்கிறேன், வரும்போது கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
விஜி